கூம்பேறிய தனியர்

குலசேகர ஆழ்வாரின் பெருமாள் திருமொழியில் வித்துவக்கோட்டு அம்மானைப் பாடும் பதிகத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். கரை தேடிப் பறந்து, எங்கும் காணாமல், திரும்பி வந்து கப்பலின் கூம்பிலேயே அமரும் பறவை அதில் உவமையாக வரும். கூம்பு என்றால் பாய்மரம் என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த பாசுரத்துக்குப் போய்விடுவது நம் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு, கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவர் எழுந்து நின்றார். "ஐயா, பறவை பறந்து போய் உட்கார்ந்துடும். அந்த உச்சியில கப்பி இறுகிப்போனா, கயிறு அறுந்துபோனா, யாருங்கய்யா ஏறிப் பார்க்குறது?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நம்மிடம் விடை இல்லை.

புறநானூற்றின் 30ஆம் பாடலில், உறையூர் முதுகண்ணன் சாத்தனார், கூம்பையும் பாயையும் களையாமலே புகாருக்குள் நுழையும் பெருங்கலத்தைக் காட்டுகிறார். களைவதென்றால் ஒருவர் ஏறியிருக்க வேண்டும், கட்டவிழ்த்திருக்க வேண்டும். அந்த ஆளைப் பாடலில் தேடிப் பயனில்லை. சாத்தனாரின் நோக்கம் சோழனின் துறைமுகத்து ஆழத்தைச் சொல்வது. ஆனால் மாணவரின் கேள்வி நம்மை விடவில்லை. ஏறியது யார் என்று தேடப் புகுந்து, கடைசியில் அதைவிடக் கடினமான ஒரு கேள்வியில் போய் நின்றோம். கீழே கயிறு பிடிக்க ஆளே இல்லாத கலத்தில், தன்னந்தனியாக ஒருவர் பாய்மரத்தில் ஏறிப் பழுது பார்த்து உயிரோடு இறங்குவது எப்படி? அந்தத் தேடலில் கிடைத்தவற்றுள் சிலவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பெரிய பாய்க்கப்பல்களின் காலத்தில் மரமேறுதல் தனியாள் வேலை அன்று. பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடித்திருக்கும் தடித்த தாங்குகயிறுகளின் குறுக்கே மெல்லிய கயிறுகளைப் படிபோலக் கட்டியிருப்பார்கள். அதில் கால்வைத்து மாலுமிகள் கூட்டமாக ஏறுவார்கள். பாதி உயரத்தில் ஒரு மேடை வரும். அந்த மேடையின் விளிம்பை எட்டுவதற்குத் தாங்குகயிறு ஓரிடத்தில் வெளிப்புறமாகச் சாய்ந்து செல்லும். அங்கே ஏறுபவரின் முதுகு கடலைப் பார்க்கும், உடலின் எடை முழுவதும் கைகளுக்கு வந்துவிடும். அதற்கு அஞ்சுகிறவர்கள் நுழைந்து போவதற்கென்று மேடையின் நடுவில் ஒரு துளையும் உண்டு. அந்தத் துளைக்கு மாலுமிகள் வைத்த பெயரைத் தமிழில் 'கற்றுக்குட்டியின் துளை' என்று சொல்லலாம். அதன் வழியே போனவரை மற்றவர்கள் நெடுநாள் கேலி செய்வார்கள். பாதுகாப்பான வழியைத் தேர்பவரை நகைப்பது கப்பலுக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று என்பதை ஆசிரியர் அறைகளில் இருந்து பழகிய நாம் அறிவோம்.

அந்த மாலுமிகள் பொதுவாக உடலைக் கட்டிக்கொண்டு ஏறியதில்லை. ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஒரே பாதுகாப்பு விதி. சொல்லக் கேட்பதற்கு அழகான விதிதான். ஆனால் முடிச்சுப் போடவும், கப்பியைக் கழற்றி மாட்டவும், கிழிந்த பாயைத் தைக்கவும் இரண்டு கைகள் வேண்டும். வேலை தொடங்கிய கணத்தில் அந்த விதி முறிந்துவிடும்.

அது எப்படி முறிந்தது என்பதற்கு நேரில் கண்ட சாட்சி ஒருவர் இருக்கிறார். ரிச்சர்ட் ஹென்றி டேனா ஹார்வர்டு மாணவர். அம்மை நோயால் கண்பார்வை பாதிக்கப்பட்டுப் படிப்பு தடைப்பட்டதால், 1834 ஆகஸ்டில் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட 'பில்கிரிம்' என்ற கப்பலில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். அவர் 1840இல் வெளியிட்ட 'பாய்மரத்துக்கு முன்னே ஈராண்டுகள்' என்னும் நூல் மாலுமியின் பக்கமிருந்து கடலைச் சொன்ன முன்னோடி நூல்களுள் ஒன்று. அந்த நவம்பரில் ஜார்ஜ் பால்மர் என்ற இளம் மாலுமி நடுப்பாய்மரத்தின் மேற்பகுதியில் ஒரு கப்பியைக் கட்ட ஏறினார். கப்பி, அதைக் கட்டும் வார், ஒரு சுருள் கயிறு, முடிச்சவிழ்க்கும் இரும்பூசி எல்லாவற்றையும் கழுத்தைச் சுற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மேலே சொன்ன, வெளிப்புறம் சாய்ந்த அந்தக் கயிற்றில் பிடி நழுவிக் கடலில் விழுந்தார். நீந்தத் தெரியாது, தடித்த உடை, கழுத்தில் அத்தனை எடை. படகை இறக்கித் தேடியும் கிடைக்கவில்லை. இறந்தவரின் உடைகள் வழக்கப்படி கப்பலிலேயே ஏலம் விடப்பட்டதையும் டேனா எழுதுகிறார்.

இந்த மரணத்தை நாம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தோம். பால்மர் போரில் இறக்கவில்லை, புயலில் இறக்கவில்லை. பராமரிப்பு வேலைக்கு ஏறி இறந்தார். கைகள் கயிற்றுக்குத் தேவைப்பட்டதால் கருவிகள் கழுத்துக்குப் போயின. நம் ஊர்ப் பனையேறியைப் பாருங்கள். அவர் பாளை அரிவாளைக் கழுத்தில் மாட்டுவதில்லை. இடுப்பில் கட்டிய பெட்டியில் செருகிக்கொள்கிறார். கால்களைத் தளைநார் சேர்த்துப் பிடிக்கிறது. தனியாக ஏறி, தனியாக இறங்கும் தொழில் அது. ஆகவே எடை எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தலைமுறைகள் உடலால் கற்றிருக்கின்றன. அப்படியும் பனையிலிருந்து விழுந்து மாண்டவர்கள் உண்டு. பனையாவது வேரூன்றி நிற்கிறது. பாய்மரமோ ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை.

எவ்வளவு ஆடும் என்பதற்குப் பள்ளிக்கூடத்துத் திரிகோணமிதியே போதும். 12 மீட்டர் உயரமுள்ள பாய்மரத்தைக் கொண்ட சிறிய படகு இருபுறமும் 20 பாகை உருளுகிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தில் நிற்பவருக்கு அது தடுமாற்றம் மட்டுமே. உச்சியில் இருப்பவர் ஒரு பக்கம் 4 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் வீசப்படுகிறார். சில வினாடிகளுக்கு ஒருமுறை, மணிக்கணக்கில். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் மரம் திசை மாறும், உடல் மாறாது. பிடி சற்றுத் தளர்ந்தால் உடல் மரத்தை விட்டு விலகிக் கயிற்றில் ஊஞ்சலாடித் திரும்பி வந்து மரத்திலேயே மோதும். தனியாக ஏறியவர்கள் பலரும் கருநீலம் பாய்ந்த தொடைகளோடும் முழங்கைகளோடும் இறங்கியதற்குக் காரணம் இந்த மோதல்தான். விழுந்து அடிபட்டவர்கள் அல்லர் அவர்கள்.

மரமேறுவதைப் பயிற்சியாக வைத்த இடங்களும் உண்டு. இங்கிலாந்தின் ஷாட்லியில் 'கேஞ்சஸ்' என்ற கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் 1907இல் நிறுத்தப்பட்ட 143 அடிப் பாய்மரத்தில் சிறுவர்கள் வரிசையாக ஏறி நிற்பார்கள். உச்சியிலுள்ள சிறு வட்டப் பலகையில் ஒரு சிறுவன் எதையும் பிடிக்காமல் நின்று வணக்கம் செலுத்துவான். கீழே வலை விரித்திருக்கும். 1976இல் பள்ளி மூடப்பட்டது. மெல்வில் தம் 'மோபி டிக்' நாவலில் கூம்பின் உச்சிக் காவலுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அங்கே நின்று கனவு காண்பவர்களை எச்சரிக்கிறார். திமிங்கல வேட்டைக் கப்பலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். ஆள் மாற ஆள் இருந்தது. நம் கேள்விக்கு இவை எவையும் விடை ஆகா.

கப்பல்கள் சிறுத்து, தாங்குகயிறுகளில் படி கட்டும் வழக்கம் பல படகுகளில் மறைந்தபோது, ஏறுவதற்கு ஒரு பலகை வந்தது. கப்பலில் கயிறு, பாய் வேலைகளுக்குத் தலைவர் போசன். நம் கடலோடிகள் அவரைச் சாரங்கு என்பார்கள். அவர் பெயரால் அது போசன் நாற்காலி எனப்பட்டது. ஊஞ்சல் பலகை போன்ற அதில் உட்கார வைத்து, பாயை ஏற்றும் கயிற்றில் கட்டி, கீழே இருப்பவர் சுழல்பொறியில் சுற்றி மேலே இழுப்பார். மேலே உள்ளவரின் உயிர் கீழே உள்ளவரின் கையில் இருக்கிறது. சுழல்பொறியில் எத்தனை சுற்று, எப்போது இறுக்குவது, எவ்வளவு மெதுவாக இறக்குவது என்பதெல்லாம் இருவருக்கும் இடையிலான உடன்பாடு. கணவர் மேலே, மனைவி கீழே என்று போகும் படகுகளில் இந்த உடன்பாடு பல நேரம் வாக்குவாதமாகவும் ஆவதுண்டு என்று கேள்வி.

கீழே ஆள் இல்லாதபோது என்ன செய்வது?

தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோக்கம். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து 'ஸ்ப்ரே' என்ற 37 அடிப் படகில் புறப்பட்டு 1898 ஜூனில் நியூபோர்ட் வந்து சேர்ந்தார். தென் அமெரிக்காவின் முனையை நோக்கிப் போகும் வழியில், புவனோஸ் அயர்ஸ் துறைமுகத்தில் அவர் செய்த வேலை நமக்கு மிகவும் பிடித்தது. பாய்மரத்தைக் கழற்றி அதன் நீளத்தில் 7 அடியைக் குறைத்தார். வரப்போகும் புயல்களை எண்ணிச் செய்தது அது. ஆயினும், ஏறவேண்டியிருக்கும் மரத்தையே குட்டையாக்கிய அறிவு என்று நாம் அதைப் படித்தோம். பிறகு பட்டகோனியாக் கரைக்கு அப்பால் மலைபோன்ற ஓர் அலை எழுந்து வருவதைப் பார்த்தார். பாய்களை விரைந்து இறக்கிவிட்டு, தானும் பாயேற்றும் கயிறுகளைப் பற்றி மேலே ஏறித் தொங்கினார். அலை படகை முழுவதும் மூழ்கடித்துக் கடந்து போனது. அவர் பழுது பார்க்க ஏறவில்லை, பிழைக்க ஏறினார். தளத்தில் நின்றிருந்தால் அலை அள்ளிப் போயிருக்கும். மரம் ஆபத்தான இடம் என்றுதான் இதுவரை சொல்லிவந்தோம். தனியருக்கு அதுவே சில வேளை கடைசி அடைக்கலமும் ஆகிறது. ஆழ்வாரின் பறவைக்கும் அப்படித்தானே இருந்தது.

பழுது பார்க்கத் தனியாக ஏறுவதற்கான உண்மையான விடை கடலிலிருந்து வரவில்லை, மலையிலிருந்து வந்தது. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் ஒரு முடிச்சை எழுதி வெளியிட்டார். தடித்த கயிற்றின்மேல் மெல்லிய கயிற்று வளையம் ஒன்றைச் சுற்றிப் போடுவது அது. எடை இல்லாதபோது கையால் மேலே தள்ளலாம். எடை தொங்கியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கயிற்றோடு நெடுக இழுத்தாலும் நழுவாத சுற்றுமுடிச்சு மாலுமிகளுக்கு அதற்கு முன்பே தெரியும். அதை ஏறுவதற்கான படியாக ஆக்கி முறைப்படுத்தியவர்கள் மலையேறிகள். பின்னர் அடோல்ஃப் ஜூசி, வால்ட்டர் மார்ட்டி என்னும் இரு சுவிட்சர்லாந்துக்காரர்கள் அதே வேலையைப் பற்கள் கொண்ட உலோகப் பிடியால் செய்தார்கள். இருவர் பெயரின் முன்னெழுத்துகளும் சேர்ந்து 'ஜுமார்' ஆயிற்று. 1958இல் அது விற்பனைக்கு வந்தது.

இந்தக் கருவிகளோடு ஏறுவது எப்படி? பாயேற்றும் கயிறு ஒன்றை உச்சியிலிருந்து தளம் வரை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். இடுப்புக் கச்சையோடு ஒரு பிடி. கால் வைக்கும் வளையத்தோடு இன்னொரு பிடி. கச்சையில் உட்கார்ந்து, கால் பிடியை மேலே தள்ளி, அதில் எழுந்து நின்று, இடுப்புப் பிடியை மேலே தள்ளி, மீண்டும் உட்காருகிறார்கள். புழு நெளிந்து ஏறுவதுபோல. ஒரு முறைக்கு 35 சென்டிமீட்டர் கிடைத்தால் 12 மீட்டருக்கு 34 அல்லது 35 முறை. இவற்றோடு தொடர்பில்லாத இரண்டாவது கயிற்றில் ஒரு புருசிக் வளையம் உடன் வர வேண்டும். முதல் கயிறோ, உச்சிக் கப்பியோ முறிந்தால் பிடித்துக்கொள்வதற்கு. மாட்டிக் கழற்றும் கொக்கிகளை நம்பாமல் கயிற்றை நேரடியாகக் கச்சையில் முடிச்சிட்டுக்கொள்வார்கள். மரத்தைச் சுற்றி ஒரு வார் போட்டுக்கொண்டால் ஊஞ்சலாட்டம் குறையும். கருவிகள் ஒவ்வொன்றும் சிறு கயிற்றால் பையோடு கட்டப்பட்டிருக்கும். புறப்படுமுன் தளத்திலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கி, முழு எடையோடு குதித்துப் பார்ப்பதும் உண்டு. முறிய வேண்டியது அங்கேயே முறியட்டும் என்று.

முன்பு கீழே நின்றவரின் கவனம் செய்த காரியத்தை இப்போது ஏறுபவரின் உடல் எடையே செய்கிறது. இதைத்தான் இந்த வரலாற்றின் திருப்பமாக நாம் காண்கிறோம். எது கீழே இழுக்கிறதோ அதுவே பிடிப்பாகவும் ஆகிறது. ஒரு கை கப்பலுக்கு என்ற பழைய விதியும் மாறிவிட்டது. இரண்டு கைகளும் வேலைக்கு, உடல் முழுவதும் கயிற்றுக்கு.

ஆயினும் முடிச்சு பேசாது. களைத்துவிட்டாய், இறங்கிவிடு என்று அது சொல்லாது. மயங்கிப் போனால் மெதுவாக இறக்கிவிடவும் செய்யாது. கச்சையில் அசைவின்றித் தொங்குபவரின் கால்களில் குருதி தேங்கத் தொடங்கும். அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதையும் கீழே நிற்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. இந்தப் பிடிகள் மேலே போகப் படைக்கப்பட்டவை. கீழே வருவதற்கு ஒவ்வொரு முறையும் எடையை எடுத்து, பற்களை விடுவித்து, சிறிது இறக்கி, மீண்டும் பொருத்த வேண்டும். அல்லது தனியான இறங்குகருவிக்கு மாற வேண்டும். கைகள் மரத்துப் போன பிறகு, குளிரில், ஆடிக்கொண்டே. அதற்குள் காற்றின் திசை மாறலாம். தளத்தில் ஆளில்லாத படகு தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் 27 மீட்டர் மரத்தில் செய்தவர் எலன் மெக்ஆர்தர். 2000-2001ஆம் ஆண்டு வாண்டே குளோப் என்னும் இடைநில்லாத் தனியர் உலகப் போட்டியில் 'கிங்ஃபிஷர்' படகில் 94 நாளில் இரண்டாவதாக வந்தபோது அவருக்கு வயது 24. அந்தப் பயணத்தில் பலமுறை மரமேறினார். பின்னர் 2004 நவம்பர் 28 முதல் 2005 பிப்ரவரி 7 வரை, 75 அடி நீளமுள்ள மூன்றுடல் படகில் 71 நாள், 14 மணி, 18 நிமிடம், 33 வினாடியில் உலகைச் சுற்றி அன்றைய தனியர் சாதனையைப் படைத்தார். அந்தப் படகின் மரம் ஏறத்தாழ 30 மீட்டர். வீட்டை நெருங்கும் கட்டத்தில், ஜனவரியில், பெரிய பாய் ஏறி இறங்கும் தடம் பழுதாகி, அதைச் சரிசெய்ய இருமுறை ஏறினார். குட்டித் தூக்கங்களால் நாள்களை ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், பத்து மாடி உயரத்தில், நகரும் கம்பத்தில். உடலெங்கும் அடிபட்டுத்தான் இறங்கினார். சாதனை நேரத்தை வினாடி வரை குறித்து வைத்திருக்கும் ஏடுகளில், அந்த இரு ஏற்றங்களுக்குச் சில வரிகளே இடம்.

நம் நாட்டோடு மெய்யான தொடர்புள்ள கதையும் ஒன்று உண்டு. 1968இல் நடந்த கோல்டன் குளோப் போட்டியில் புறப்பட்ட ஒன்பது பேரில் போட்டியை முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. 312 நாள்கள் கடலில் இருந்த அவருடைய 'சுஹைலி' பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகு. அதன் பொன்விழாவாக 2018இல் அதே போட்டி மீண்டும் நடந்தது. 1968இல் இருந்த தொழில்நுட்பம் மட்டுமே அனுமதி. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கோவாவில் 'சுஹைலி'யின் மறுபடியாகக் கட்டப்பட்ட 'துரியா'வில் கலந்துகொண்டார். 2013இலேயே இடைநில்லாமல் தனியாக உலகைச் சுற்றி முடித்த முதல் இந்தியர் அவர்.

2018 செப்டம்பர் 21 அன்று தென்னிந்தியப் பெருங்கடலில் புயலில் 'துரியா' உருண்டது. படகு கவிழ்ந்த நிலையிலிருந்து நிமிர்ந்தபோது தாம் பின்பாய்மரத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்ததாக டோமி பின்னர் சொன்னார். அவர் ஏறவில்லை, கடல் ஏற்றிவிட்டது. கைக்கடிகாரத்தின் வார் மரத்தின் உச்சியில் மாட்டிக்கொண்டு, உடலின் எடை முழுவதும் மணிக்கட்டில் தொங்கியது. வார் அறுந்தது. ஏறத்தாழ 9 மீட்டர் கீழே விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது; மரங்களும் முறிந்தன. மூன்று நாள் அசைய முடியாமல் கிடந்தவரை 24ஆம் தேதி பிரெஞ்சு மீன்வளக் காவற்கப்பல் 'ஓசிரிஸ்' மீட்டது. ஒரு கைக்கடிகார வார் சில கணங்கள் புருசிக் முடிச்சின் வேலையைச் செய்திருக்கிறது. முதுகில் டைட்டானியம் பொருத்திக்கொண்டு, 2022 செப்டம்பரில் அதே போட்டிக்கு மீண்டும் போய், 2023 ஏப்ரல் 29இல் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். இந்த இரண்டாவது புறப்பாட்டைத் துணிவு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட நமக்கு மனமில்லை. வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

டோமி விழுந்த அதே 2018 போட்டியில் முன்னணியில் சென்றுகொண்டிருந்தவர் ஷான்-லூக் வான் டென் ஹீட். வயது 73. ஒரு காலத்தில் கணித ஆசிரியர். 2004இல் காற்றுக்கு எதிராக, கிழக்கிலிருந்து மேற்காகத் தனியாக உலகைச் சுற்றிச் சாதனை படைத்தவர். நவம்பர் 5 அன்று தென்பசிபிக்கில் அவருடைய 'மட்முட்' படகும் பேரலையில் தலைகீழாகப் புரண்டது. மரம் முறியவில்லை. ஆனால் கீழ்த் தாங்குகம்பிகள் மரத்தில் மாட்டியிருக்கும் இடம் சில சென்டிமீட்டர் கீழே கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டது. கம்பிகள் தளர்ந்தன. முன்னால் ஹார்ன் முனை, ஏறத்தாழ 1,900 கடல் மைல். அதிர்ச்சியில் செயற்கைக்கோள் தொலைபேசியை எடுத்து மனைவியிடம் பேசினார். போட்டி விதிப்படி அது குற்றம். 18 மணி நேரத் தண்டனை கிடைத்தது. விதி விதிதான். ஆனால் கீழே கயிறு பிடிக்க ஆளில்லாத ஒருவர் அந்தக் கணத்தில் ஒரு குரலைத் தேடினார் என்பதற்குத் தண்டனை கொடுக்கும் நடுவராக இருக்க நம்மால் ஆகாது.

முதலில் சிலி நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்குத் திரும்பிப் பழுது பார்க்க எண்ணினார். பிறகு தானே சரிசெய்வதென்று முடிவு செய்தார். கடல் சற்று அடங்கும் வேளைகளைப் பார்த்துக் காத்திருந்து, ஒரே மூச்சில் முடிக்க முயலாமல், பல முறை மரத்தில் ஏறினார். கிழிந்த இடத்துக்குமேல் கயிறுகளைச் சுற்றி, கம்பிகள் இன்னும் இறங்காதபடி இழுத்துக் கட்டினார். ஓர் ஏற்றத்தில் ஒரு சிறு வேலை, பின் இறக்கம், ஓய்வு, வானிலை பார்த்தல், மறுபடி ஏற்றம். 73 வயதில் உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அவரைத் தவிர வேறு எவரும் கணித்திருக்க முடியாது. அந்த மரத்தோடே ஹார்ன் முனையைச் சுற்றி, அட்லாண்டிக் முழுவதும் பாய்களைக் குறைவாக வைத்து மரத்தை வருத்தாமல் ஓட்டி, 2019 ஜனவரி 29 அன்று 212ஆவது நாளில் லே சாப்ல் தொலோன் துறைமுகத்துக்கு முதலாவதாக வந்தார். இரண்டாமவர் இரண்டு நாள் பிந்தி வந்தார். அந்தப் போட்டியை முடித்தவர்கள் மொத்தம் 5 பேர்.

இந்த வரலாற்றில் மிகப் பாதுகாப்பாக ஏறியவர் யார் என்று கேட்டால், நாம் இவரையே சொல்வோம். கருவியால் அன்று. அவரிடம் இருந்தவை 1968க்குரிய பொருள்கள்தாம். எப்போது ஏறக்கூடாது என்பதை அறிந்திருந்தார். எத்தனை முறை ஏறலாம் என்பதைப் பிரித்து வைத்துக்கொண்டார். மேலே இருக்கும்போது கீழே நிற்பவராகவும் தானே இருந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

கேள்வி கேட்ட மாணவர் படிப்பை முடித்துப் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அந்தப் பதிகத்தை நடத்தும்போது கரும்பலகையில் ஒரு பாய்மரம் வரைகிறோம். உச்சியில் ஒரு கப்பி, அதிலிருந்து தொங்கும் இரண்டு கயிறுகள். இரண்டாவது கயிறு எதற்கு என்று யாராவது கேட்பார்கள். பாடவேளை அதிலேயே முடிந்துபோகிறது. பறவை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகிறது.